முன்னால் போகிறவரின் முதுகு

என் கணவரின் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைவிட நன்றாக என்றுகூடச் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து வெளியே கிளம்பினால் அவர் முன்னால், நான் பின்னால். இதில் பாதிக் குற்றம் அவருடையது, மீதி மேற்கு மாம்பலத்துடையது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும், நடுவில் பூக்காரம்மா கூடை வைத்திருப்பார், மிச்சமிருக்கும் இடத்தில் மாடு. இரண்டு பேர் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் ஒருவர் மாட்டின் மேல் ஏற வேண்டும். ரங்கநாதன் தெருவைக் கேட்கவே வேண்டாம். புதுப்பெண்ணாக இருந்தபோது தீபாவளிக் கூட்டத்தில் அவர் முழங்கையால் இடித்து வழி பண்ணிக்கொண்டு போவார்; நான் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே போவேன். அப்போது அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவருக்குத் தி.நகரில் சின்னதாக ஒரு செருப்புக் கடை. ஆள் கடைப்படி ஏறும்போதே அளவைச் சொல்லிவிடுவார். "அந்தம்மாவுக்கு வலது குதிகால் தேஞ்சிருக்கும் பாரு" என்பார். தேய்ந்துதான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிறாரோ இல்லையோ, வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒரு சுற்று பார்த்துவிடுவார். நடையை வைத்து ஆளின் ஜாதகமே சொல்வேன் என்பது அவருடைய பெருமை.

கடையைப் பூட்டவே மனசு வராத அந்த மனிதரை அடையாறில் இருக்கும் எங்கள் மகள்தான் விரட்டிப் பிடித்து, எங்கள் இரண்டு பேரையும் ப்ராக் நகரத்துக்கு அனுப்பினாள். "பழைய ஊரும்மா, அழகா இருக்கும். ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு நடங்க" என்றாள். பிள்ளைகளுக்குப் பெற்றவர்களைப் பற்றி இப்படி ஏதாவது கற்பனை இருக்கும்.

எனக்கு இடது முழங்கால் கொஞ்ச காலமாகவே சரியில்லை. ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். படி, மேடு எல்லாம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் சொன்னால் பயணம் ரத்தாகும். அப்படி ஒரு சாக்குக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை. மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். மறைக்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் பார்க்க வேண்டும்.

ப்ராக்கில் தெருவெல்லாம் கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம், முழங்கால் வலிக்காரர்கள் மேல் ஏதோ பழைய கோபம் இருந்த மாதிரி. இவர் திருடனுக்குப் பயந்து முதுகுப் பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டு, நிறைமாதக்காரி போல் முன்னால் போனார். ஊரிலேயே யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்ததால் வாய் ஓயவில்லை. பெரிய கடிகாரத்தின் கீழே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மணி அடித்ததும் பைபிளில் வரும் சீடர்கள் பன்னிரண்டு பேரும் பொம்மையாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான். மயிலாப்பூரில் நாம் அறுபத்துமூவரையும் தெருவுக்கே கொண்டுவந்து, வெயிலில் சுற்றிக் காட்டி, பார்க்க வந்தவர்களுக்கு மோரும் கொடுத்து அனுப்புகிறோம்.

அடுத்து ஆற்றுப் பாலம். வண்டி இல்லை, மாடு இல்லை. நாலைந்து ஜோடிகள் கைவீசி நடக்கலாம், அவ்வளவு அகலம். தொண்டு கிழவர்கள்கூடப் பெண்டாட்டி பக்கத்தில் நடந்தார்கள். நாங்கள் மட்டும் ரங்கநாதன் தெருவில் போவது போல் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். எனக்குக் கையெல்லாம் கோர்க்க வேண்டாம், வேர்க்கும். பக்கத்தில் வந்தால் போதும். அந்தப் பாலத்தில்தான் எனக்கு முதல் தடவையாகச் சுர்ரென்று கோபம் வந்தது.

பாலம் முடிந்து கோட்டைக்கு ஏறும் தெருவில் ஒரு மரத்தடி பெஞ்சு இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். வலி ஒரு பக்கம். நான் இல்லாததை இந்த மனிதர் எப்போது கண்டுபிடிக்கிறார், பார்த்துவிடுவோம் என்ற வீம்பு இன்னொரு பக்கம். அவர் பேசிக்கொண்டே ஏறினார். எந்த ராஜா எதைக் கட்டினான் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாவம், மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தெரு வளைந்தது, அவர் மறைந்தார். சிரிப்பும் அதோடு நின்றது. என் போனில் அந்த ஊர் சிம் இல்லை. ஹோட்டல் பெயர் வாயில் நுழையவில்லை. இதெல்லாவற்றையும்விட, அவர் திரும்பிப் பார்க்காமல் கோட்டை வரைக்கும் போய்விடுவாரோ என்பதுதான் பயமாக இருந்தது. போய்விட்டால் அதற்கப்புறம் நான் எதை நினைத்துக்கொண்டு இவரோடு ஊர் திரும்புவது?

வந்தார். வயிற்றில் பை குலுங்க, யாரையெல்லாமோ இடித்துக்கொண்டு, இறக்கத்தில் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்க போயிட்ட?"

"நான் எங்கயும் போகல. நீங்கதான் போனீங்க."

நான் எழுந்தேன். "இனிமே நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க."

"வழி தெரியுமா உனக்கு?"

"கோட்டை மேல இருக்கு. மேல போனா வந்துடப் போவுது."

முன்னால் நடப்பது இவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியாது. எதிரே யார் முதுகும் இல்லை. தெரு முழுக்க என்னுடையது. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவர் வந்துகொண்டுதான் இருப்பார் என்று தானாகவே தோன்றிவிடுகிறது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை என்பது உறைத்தது. ஒரு ராஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

"நில்லும்மா" என்றார்.

நின்றேன்.

"எத்தனை நாளா இப்படி நடக்குற?"

"எப்படி?"

"இடது கால ஊனவே மாட்டேங்குற. சாஞ்சு சாஞ்சு நடக்குற."

அவர் அந்தத் தெருவிலேயே, அத்தனை பேர் பார்க்க, மண்டி போட்டு உட்கார்ந்தார். கடைக்கு வருகிறவர்களுக்குப் பார்ப்பது போல என் ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். அவரே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஷூதான் அது.

"ஊர்ல இருக்கிறவன் காலெல்லாம் பாக்குறேன்" என்றார், ஷூவைப் பார்த்துக்கொண்டே. சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவதற்கென்று பாலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கோட்டைக்குப் போகவில்லை. கீழேயிருந்து பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது அவர் பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பழக்கமில்லாததால் காலும் காலும் இடித்துக்கொண்டே வந்தோம்.

இப்போது மாம்பலத்தில் நான் முன்னால், அவர் பின்னால். "வண்டிய ஒதுக்குப்பா, முட்டி வலிக்காரங்க வர்றாங்க" என்று பின்னாலிருந்து அவர் போடும் சத்தத்தில், டாக்டரும் நானும் மட்டும் அறிந்திருந்த விஷயம் பூக்காரம்மாவரைக்கும் தெரிந்துவிட்டது. போன வாரம் ரங்கநாதன் தெரு நெரிசலில் யாரோ என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தார்கள். திருடன்தான் என்று முழங்கையை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். வாரின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"மெதுவா போம்மா" என்றார். "விட்டுட்டுப் போயிடாத."