என் வீட்டுக்காரரின் வலது கன்னம்

முகத்துக்குப் புது எண்ணெய் வாங்கினால் முதலில் ஓர் இடத்தில் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாருடைய தோலில் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம்.

எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற எனக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் பரு வரும். என் தலைவிதி. அதனால் ஆன்லைனில் ஜோஜோபா எண்ணெய் வாங்கினேன், சின்ன பாட்டில். கல்யாண நேரத்தில் என் முகத்தில் சோதனை செய்ய முடியுமா? தினமும் காலையில் என் வீட்டுக்காரரின் வலது கன்னத்தில் தடவினேன்.

"ஏனுங்க, அரிக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல புள்ள."

இன்று கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் பக்கத்துத் தோட்டத்து அக்கா இவரை இப்படியும் அப்படியும் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பக்கம் பாத்தா கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கறீங்க. அந்தப் பக்கம் பாத்தா இப்பத்தான் தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்தவராட்டம் இருக்கறீங்க!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கோ சோதனை வெற்றி என்று சந்தோஷம். இனி நானே போடலாம் என்று வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தேடினால், இவர் கண்ணாடி முன்னால் நின்று இடது கன்னத்தில் தாராளமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், கழுத்துவரை.

"என்னங்க இது?"

"பின்ன என்ன புள்ள, மண்டபத்துல எல்லாரும் எனக்கு வலது பக்கமாவே உக்காருவாங்களா?"

பாட்டிலில் இப்போது ஒரு கன்னத்துக்குத்தான் மிச்சம் இருக்கிறது. மண்டபத்தில் வீடியோக்காரர் எந்தப் பக்கம் நிற்பார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கன்னத்துக்குப் போட்டுக்கொள்கிறேன்.