கதவிடுக்கில் டிபன் கேரியர்

தாம்பரம் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அலாரம் பலகையைப் பார்த்துக்கொள்வது அஸ்தினாபுரத்துப் பச்சையம்மாவின் வேலை. தொண்ணூற்றிரண்டில் புது மெஷின்களோடு வந்த பலகை அது. மஞ்சள் விளக்கு எரிந்தால் சின்னக் கோளாறு, மெக்கானிக் வந்தால் போதும். சிவப்பு என்றால் பெரிசு. சிவப்போடு மணியும் விடாமல் அடித்தால் இன்ஜினியர் ஸ்ரீரங்கனே ஜீப்பில் வந்து குதிப்பார்.

மெஷின் அறையில் சூடு ஏறி மஞ்சள் எரிந்தால் ஏசி மெக்கானிக் சவுரிமுத்து வருவான். வந்தால் பச்சையம்மாவுக்குக் கால் தரையில் பாவாது. அவள் கேரியரில் பாதியைக் காலி செய்தபடி ஊர்க்கதை எல்லாம் பேசுவான். பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டான். அவளும்தான். இரண்டு பேர் வாயிலும் அப்படி என்ன கொழுக்கட்டையோ!

அந்த மே மாதம் அவனுக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. மறுநாள் பஸ். இன்றைக்கு விட்டால் போச்சு. ஆனால் பாழாய்ப்போன மெஷின் அறை அன்றைக்குப் பார்த்து ஜில்லென்று இருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை.

பச்சையம்மா என்ன செய்தாள் தெரியுமா? மெஷின் அறைக் கதவைத் திறந்து, இடுக்கில் தன் டிபன் கேரியரைச் செருகி வைத்தாள். வெளிச்சூடு உள்ளே புகுந்து, கொஞ்ச நேரத்தில் அழகாக மஞ்சள் எரிந்தது. போனை எடுத்தாள்.

"ஏசி கோளாறு சார், சின்னதுதான். சவுரிமுத்துவ அனுப்புங்க."

பிறகு பூவைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அக்கினி நட்சத்திர வெயில் அவளுக்காகக் காத்திருக்குமா? அவன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருக்க, இங்கே மஞ்சள் சிவப்பானது. பதறி ஓடிப்போய்க் கேரியரை இழுத்தாள். கனத்த கதவு அதைக் கவ்விக்கொண்டு விடவில்லை. மணி அலறத் தொடங்கியது.

ஜீப்பும் சவுரிமுத்துவின் பைக்கும் ஒன்றாக வந்து நின்றன. சவுரிமுத்து ஓடிவந்து கதவைத் தோளால் முட்டித் திறந்தான். நெளிந்துபோன கேரியரை ஸ்ரீரங்கன் தூக்கிப் பிடித்தார்.

"யாரோடது இது?"

வேலை போச்சு என்று நினைத்தாள் பச்சையம்மா.

"என்னுது சார்" என்றான் சவுரிமுத்து.

ஸ்ரீரங்கன் மூடியைத் திருப்பினார். "பச்சையம்மான்னு பேர் வெட்டியிருக்கே. உனக்கு எப்பய்யா இந்தப் பேர் வெச்சாங்க?"

"எம்பேரு இல்ல சார். நான் கட்டிக்கப் போற பொண்ணு பேரு."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் அவளைப் பார்த்தான். ஸ்ரீரங்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல அந்த மணிய நிறுத்தும்மா" என்றார். எந்தப் பொத்தான் என்று மறந்துபோய், அவள் எல்லாவற்றையும் அழுத்தினாள்.

 அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்து அவள் வீட்டில் எழுந்த கூச்சலில் எத்தனை அபாய மணி அடித்தது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த சவுரிமுத்துவிடம் ஜன்னல் வழியாக அந்த நெளிந்த கேரியரை நீட்டினாள்.

"இன்னா கொழம்பு?" என்று மூடியைத் திருப்பினான். பச்சையம்மா என்ற பேருக்குக் கீழே, பளபளவென்று புதுசாக, சவுரிமுத்து என்று வெட்டியிருந்தது.