ஆத்தாள் வராத வெள்ளிக்கிழமை

புதன்கிழமை மாலையானால் எங்கள் வீட்டிலிருந்து மீன் வாசனை வெளியேற்றப்படும். மற்ற நாட்களில் அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. சுவரிலும் பாயிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் தலைமுடியிலும் அது குடியிருந்ததால், தனியாகக் கவனிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. அம்மா சட்டிகளைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, தரையைச் சாணியால் மெழுகிச் சாம்பிராணி காட்டிய பிறகுதான், அத்தனை நாளும் மூக்கில் இருந்தது என்னவென்று தெரியும். அம்மா அதைக் "கவிச்சி" என்பாள். கவிச்சி போன வீடு எனக்கு ஆள் இல்லாத வீடுபோல இருக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் என் அத்தை தேசம்மாவுக்காக. நைனாவின் அக்கா, கணவனை இழந்து, பிள்ளைகள் இல்லாமல் எங்களோடு இருந்தாள். பழவேற்காட்டில் படகேறி ஏரியைக் கடந்தால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டில் எங்கள் குப்பம். அங்கே இருந்த எல்லையம்மன் வெள்ளிக்கிழமைகளில் அத்தையின் மேல் இறங்கிக் குறி சொல்வாள். நான் வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, எந்த மனு எந்த மேசைக்கு எந்த இணைப்போடு போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவளாக ஓய்வு பெற்றவள்; ஆனாலும் அத்தை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நடைமுறைக்கு இணையான ஒன்றை எந்த அரசாணையிலும் படித்ததில்லை.

அவள் அதை "வாயைக் கட்றது" என்பாள். புதன் மாலையிலிருந்து கவிச்சி கிடையாது, ஒரு வேளைதான் சோறு, வெறுந்தரையில் படுக்கை, யார் மேலும் கோபம் கூடாது. இவையெல்லாம் எல்லாக் கோயில்களிலும் உள்ளவைதான். ஆனால் அத்தையிடம் இன்னொரு விதி இருந்தது: வியாழனும் வெள்ளியும் ஊர்க்கதை எதுவும் அவள் காதில் விழக்கூடாது. கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவாள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை, யாருடைய வலை அறுந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை கெட்டது.

"காதுல வுழுந்தது வாயில வந்துடும். அப்பறம் அது ஆத்தா சொன்னதா, தேசம்மா சொன்னதா? எனுக்கே தெரியாது" என்று அம்மாவிடம் சொல்வாள்.

இத்தனை செய்த பிறகும் ஆத்தாள் வருவாள் என்ற உத்தரவாதம் இல்லை. பாதி வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டாள். கூட்டம் சுற்றி நிற்கும், பம்பை அடித்துக்கொண்டே இருக்கும், அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து, முகத்தைக் கழுவி, "இன்னிக்கி வரல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடப்பாள். "ஆத்தா பொன்னேரிக்கி சினிமா பாக்கப் போய்ட்டாளா?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள். அத்தை திரும்பமாட்டாள்.

கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. ஆத்தாள் வந்த நாட்களில் அத்தையின் கால்விரல்கள் மணலுக்குள் புதையும், இமை கொட்டாது, யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், தெலுங்கு கலந்து பேசுவாள். அத்தைக்குத் தெலுங்கே தெரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆந்திரத்தில் இருக்கும் சூளூர்பேட்டைச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய் வந்தவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அந்தக் குரல் அவளுடையதல்ல என்பதற்குப் போடுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு, ஆடி மாதக் கடைசியில், முகத்துவாரத்தில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. அதில் போன மூன்று பேரில் இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். வராதவன் ஏழுமலை, பதினெட்டு வயது. என்னோடு படித்த எதிர்வீட்டுச் செல்வியின் அண்ணன். ஆடியில் நீரோட்டம் வடக்கே போகும் என்பதால் நைனாவும் மற்றவர்களும் மூன்று நாள் ஆந்திரக் கரை வரை தேடிப்போய், கட்டுமரத்தின் ஒரு மரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவனுடைய தாய் கன்னியம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் யாராவது வாயில் ஊற்றினால் விழுங்குவாள்.

முதல் வெள்ளிக்கிழமை அவளைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிவந்தார்கள். "இன்னிக்கி வரல" என்றாள் அத்தை. அடுத்த வெள்ளியும் அப்படியே. "தேசம்மா, உனுக்கு ஈவு எரக்கம் இல்லியா?" என்று பம்பைக்காரர் கத்தினார். மூன்றாவது வெள்ளியில் கன்னியம்மாவைப் பாயோடு தூக்கிவந்து கிடத்தினார்கள். பக்கத்தில் செல்வி, தாயின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் பம்பை அடித்தது. அத்தையின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது, முடி அவிழ்ந்தது, கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் கீழே பார்த்தேன். கால்விரல்கள் மணலின் மேலேயே இருந்தன. நிமிர்ந்தபோது அத்தை கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதடி. வருவான். வடக்கால இருந்து வருவான்."

அச்சு அசலான எங்கள் தெருப் பேச்சு. நீரோட்டம் வடக்கே போகிறது என்பதை அந்த மூன்று வாரமும் குப்பத்தில் பேசாத வாயில்லை. எந்தக் குடத்தோடு எங்கே திரும்பினாலும் அது அத்தையின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. பெண்கள் குலவையிட்டார்கள். கன்னியம்மா எழுந்து உட்கார்ந்தாள். அன்று மதியம் அம்மா கையால் பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டாள்.

மறுநாள் எங்கள் வீட்டில் வழக்கம்போல மீன் குழம்பு. அத்தை தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இன்னா அண்ணி, சனிக்கெழமதானே? ஒரு துண்டு போட்டுக்க."

"வாணாம். நேத்து ஆத்தா வரல. நாந்தான் சொன்னேன்."

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "அதனால இன்னா? சோறு துன்னாளே. நீ சொல்லலன்னா இன்னிக்கி பாடை கட்டியிருப்போம்."

"அவ துன்னா. சரி. அவன் வர்லன்னா இன்னா பண்ணுவா?"

அம்மா சட்டியை மூடி வைத்தாள்.

ஆத்தாளே வந்து, சொன்னதைத் திருத்த வேண்டும் என்பது அத்தையின் எண்ணம். அதற்காக வாயை இன்னும் இறுக்கிக் கட்டினாள். புதன் முதல் வெள்ளி வரை என்றிருந்தது எல்லா நாளும் என்றானது, உப்பை விட்டாள், பேச்சையும் ஏறக்குறைய விட்டாள். ஆத்தாள் வரவில்லை. தையும் மாசியும் போயின. ஒவ்வொரு வெள்ளியும் அத்தை உட்கார்ந்து, எழுந்து, முகம் கழுவி, "வரல" என்றாள். கூட்டம் குறைந்து, பம்பைக்காரரும் நின்றுபோனார். அரசாணையில் பிழை இருந்தால் திருத்தாணை உண்டு. ஆனால் ஆணை பிறப்பித்த அதிகாரிதான் அதைத் திருத்த முடியும். போடாத கையெழுத்தைத் திருத்த எந்த அதிகாரி வருவார் என்று பிற்காலத்தில் பல கோப்புகளின் முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

பங்குனியில் ஒருநாள் அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனாள். கன்னியம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை மணலில் உட்கார்ந்தாள்.

"கன்னியம்மா, அன்னிக்கி ஆத்தா வரல. உன் மூஞ்சிய பாக்க முடியாம நாந்தான் சொல்லிட்டேன். என்ன அடி, ஏசு, இன்னா வேணா பண்ணு. அவன நம்பிக் காத்துனு கெடக்காத."

கன்னியம்மாவின் கை நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்தாள், குழந்தை ஏதோ உளறியதைக் கேட்டதுபோல.

"நீ யாரு யக்கா, ஆத்தா சொன்னத இல்லன்றதுக்கு? மேல வந்து சொன்னா, உனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆத்தாளயே வந்து சொல்லச் சொல்லு, கேட்டுக்கறேன்."

 விஷயம் கேட்டு அம்மா சொன்ன யோசனை எளிமையானது: "அதான் வழி சொல்லிட்டாளே. வர்ற வெள்ளிக்கெழம முடிய அவுத்துவுட்டு ஆடு. பையன் கடலோட போய்ட்டான், கருமாதி பண்ணுன்னு சொல்லு. முடிஞ்சிது." நைனாவும் அதையே சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"ஒரு தபா ஆத்தா வாயில நான் பேசினேன்" என்றாள் அத்தை. "இன்னொரு தபா பேசினா, அப்பறம் எனுக்கு அது தொழிலா பூடும்."

அவள் அசையவில்லை. கெஞ்சினோம், திட்டினோம், நைனா ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தார். மனத்தை அடக்கிச் சமநிலையில் நிறுத்துவது எப்படி என்று இப்போது ஓய்வூதியர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்காக நானும் போய் மூச்சை எண்ணிவிட்டு வருகிறேன். வகுப்பு எடுக்கும் இளைஞர் சொல்லும் அத்தனையும் அத்தையிடம் இருந்தது. பசி, ஏச்சு, தனிமை எதுவும் அவளை அசைக்கவில்லை. அந்த அசையாமையின் விலையை எதிர்வீட்டில் வேறு இரண்டு பேர் கொடுத்தார்கள் என்பது வகுப்பில் சொல்லப்படுவதில்லை.

ஏனென்றால் கன்னியம்மா காத்திருந்தாள். மகனுக்குக் கருமாதி செய்யவில்லை. ஏழாண்டு கழிந்ததும் இறந்தவனாகக் கருதி மனு கொடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது, சொன்னவரைத் துடைப்பத்தால் அடித்தாள். அண்ணன் வந்துதான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று செல்வியைக் கேட்டுவந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். நான் பொன்னேரியில் படித்து, வேலைக்குப் போய், திருமணமாகி, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, செல்வியின் தகப்பன் இறந்த துக்கத்தைச் சாக்காக வைத்து உறவினர்கள் அவளுக்குக் கட்டாயமாக ஒரு தாலி கட்டவைத்தார்கள். இரண்டாம் தாரம், அதுவும் நிலைக்கவில்லை. தாயிடமே திரும்பிவந்தாள்.

அத்தை இறந்தபோது நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்: "கடசியா ஆத்தா வந்தாளா, பாப்பா?"

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. வந்தாள், அவன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். எல்லாம் அன்றே முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. துணியால் தாடை கட்டப்பட்டிருந்த அத்தையின் முகம் முன்னால் கிடந்தது.

"வரல" என்றேன்.

கன்னியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப சொன்னது சொன்னதுதான்" என்றாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அந்தக் கோயிலுக்கு இப்போது பளிங்குத் தரை போட்டிருக்கிறார்கள். திருப்பாலைவனம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து ஒலிபெருக்கி வைத்துக் குறி சொல்கிறார்; வெள்ளிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு ஆத்தாள் வந்துவிடுகிறாள், ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை. "இன்னிக்கி வரல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் ஆள் இந்தக் கரையில் இனி இல்லை. இருந்த ஒருத்தியால் என்ன நன்மை விளைந்தது?

கன்னியம்மா இந்தச் சித்திரையில் போனாள். காரியம் முடிந்த மறுவாரம் செல்வி வாரிசுச் சான்றிதழ் மனுவோடு பொன்னேரிக்கு என் வீட்டுக்கு வந்தாள். கூரை இறங்கிவிட்டது, அரசுத் திட்டத்தில் வீடு கட்ட, மனைப்பட்டா அவள் ஒருத்தி பெயருக்கு வர வேண்டும்.

"அண்ணன் செத்துட்டான்னு எழுது. நீ எழுதினா ஆபீஸ்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இறப்புச் சான்று இல்லாம அப்படி எழுத முடியாதுடி. கோர்ட்டுல கேஸ் போட்டு, பேப்பர்ல அறிவிப்பு குடுத்து, சாட்சி வெச்சி, அவன் இல்லன்னு தீர்ப்பு வாங்கணும்."

"எத்தினி வருஷம் ஆவும்?"

"ரெண்டு ஆவும், மூணு ஆவும்."

"கூரை அதுவரிக்கும் நிக்குமா? ரெண்டு பேரு பாடிய பாத்தோம்னு கையெழுத்து போட்டா போதுமாமே? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்."

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எந்த இரண்டு பேர், எந்த மேசை என்பதுகூட எனக்குத் தெரியும். "யாருடி பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

செல்வி படிவத்தை மேசையில் வைத்தாள். "உங்க வூட்டுக்கு எங்க வூட்டு மேல இன்னாடி அவ்ளோ பாசம்?" என்றாள்.

படிவத்தை என் பக்கம் இழுத்து, வாரிசுகள் பட்டியலில் எழுதினேன். முதல் பெயர் ஏழுமலை, உறவு மகன். வயது என்ற கட்டத்தில், கூட்டிப் பார்த்து, அறுபத்தேழு. திருமண நிலை என்ற கட்டத்தில், ஆகவில்லை. அதற்குக் கீழே செல்வியின் பெயர்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"எங்கம்மா இருந்திருந்தா பொண்ணு பாக்கக் கெளம்பியிருப்பா" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.