கஷ்டம் ஒன்றுமில்லை என்ற கையெழுத்து

ஃபஸீலாவிடம் வெறும் வயிற்றோடு நின்று யாரும் பேசிவிட முடியாது. மீட்டர் பார்க்க வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்பதெல்லாம் பிறகு. முதலில் தட்டு வந்துவிடும். அவளுடைய வாப்பா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் இருபத்தெட்டு வருடம் கரண்டி பிடித்தவர். சோறு போடுகிறவர் வாயிலிருந்து ‘கஷ்டம்’ என்ற சொல் வந்துவிட்டால், சொந்த அண்ணன் வீடாக இருந்தாலும் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அந்த வீம்பு மகளுக்கும் அப்படியே வந்திருந்தது. நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல குணம்தான் ஒரு பெண்ணின் படிப்புக்கு உலை வைத்தது.

ஃபஸீலாவும் அவள் கணவர் ஹைதரும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் ஒன்பது வருடம் கேண்டீன் நடத்தினார்கள். மேட்டு நிலத்தில் கட்டிய விடுதி அது. அறைகள் கீழே, சாப்பாட்டுக்கூடம் பதினான்கு படி மேலே. கட்டடப் படம் வரைந்த புண்ணியவானுக்குக் கால் இரண்டும் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

காமினி அங்கே சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தாள். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை பார்ப்பவரின் மகள். பத்து வயதில் முதுகுத்தண்டில் வந்த கட்டி நடையை வாங்கிக்கொண்டது. கணிதத்தில் கெட்டிக்காரி. விடுதிக்காரர்கள் அவளுக்குத் தரைத்தளத்தில் அறை கொடுத்தார்கள். குளியலறைக் கதவைக்கூட அகலமாக்கினார்கள். அவள் சாப்பிடவும் வேண்டுமே என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அறையில் குக்கர் வைக்கவும் தடை.

முதல் வாரம் முழுக்க அவள் பிஸ்கட்டில் ஓட்டினாள். எட்டாம் நாள் படிக்கட்டின் அடியில் நின்று, மேலே போகிற பெண்களிடம் ஐந்து வெள்ளிப் பணத்தாளை நீட்டிச் சோறு வாங்கிவரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்ததை ஃபஸீலா பார்த்துவிட்டாள். அன்று மத்தியானமே தட்டு கீழே இறங்கியது. அன்றிலிருந்து காலையும் மத்தியானமும் மாலையும் அவளே ஏறி இறங்கினாள். ஐம்பத்தாறு வயது முட்டி அது. மூன்றே மாதத்தில் வீங்கிக்கொண்டது.

“முட்டி போயிடும், பாத்துக்க” என்பார் ஹைதர்.

“போனா போகட்டும். பிள்ள பசியோட இருக்கலாமா?” என்பாள்.

காமினி சும்மா இருக்கவில்லை. சாய்தளம் கட்டித்தரும்படி மனு எழுதினாள். நான்கு முறை எழுதினாள். ஒரு வருடம் கழித்து விடுதி அலுவலகத்திலிருந்து கமாலுதீன் கோப்போடு வந்தார். படிகளை அளந்தார், படம் எடுத்தார். சரியாகச் சாப்பாட்டு நேரம். ஃபஸீலா விடுவாளா? உட்காரவைத்து, மீன் சினைக் குழம்பை ஊற்றி, வெண்டைக்காயை ஓரத்தில் வைத்தாள். அவர் நாலு கவளம் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“அக்கா, அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு எப்படிப் போவுது?”

“நாந்தான் கொண்டுபோய்க் குடுக்குறேன் தம்பி.”

“மூணு வேளையுமா? ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

வாப்பாவின் மகள் வேறு என்ன சொல்வாள்? அதுவும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரிடம்?

“என்ன கஷ்டம்? ஒரு தட்டு சோறுலா. கஷ்டம் ஒன்னும் இல்ல. கொழம்பு இன்னும் ஊத்தவா?”

அவர் கை கழுவிவந்து அதை மலாய் மொழியில் எழுதினார். மாணவிக்கு உணவு தினமும் அறைக்கே வழங்கப்படுகிறது. வழங்குபவருக்குச் சிரமம் ஏதுமில்லை. ஃபஸீலா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தன் கைச்சோறு ஆபீஸ் கோப்புவரை ஏறிவிட்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

இரண்டு மாதத்தில் காமினிக்குக் கடிதம் வந்தது. உணவு தடையின்றிக் கிடைப்பதால் தேவை நிறைவேறியது, மனு முடிக்கப்படுகிறது. அவள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று வேளையும் படியிறங்கி வந்து சோறு போடுகிறவளிடம் அதைக் காட்ட மனம் வரவில்லை.

வருடக் கடைசியில் கேண்டீன் டெண்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. மாணவி நேரில் வந்து அட்டையைத் தட்டினால்தான் தட்டு என்பது புது ஏற்பாடு. தோழிகள் வெளியில் வாங்கிவந்து கொடுத்தார்கள். பிறகு பரீட்சை வந்தது. சிலர் மறந்தார்கள், சிலர் காமினியின் அறை வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். ஃபஸீலா ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கேண்டீன் பாஸ் முடிந்துவிட்டது, உள்ளே விடமுடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருடம் அவள் கையால் சாப்பிட்ட காவலர்தான் நிறுத்தினார். பாவம், அவருக்கும் கண் கலங்கியது.

அங்கிருந்தே காமினிக்குப் போன் செய்து, அந்தச் சாய்தள மனு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அப்போதுதான் அந்தக் கடிதம் வெளியே வந்தது.

மறுநாள் காலை கமாலுதீன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“கஷ்டம்தான் தம்பி. முட்டி வீங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. தொழுகையில உக்காந்து எந்திரிக்க முடியல. எழுதிக்குங்க.”

அவர் கெட்டவரில்லை. கோப்பைத் தேடி எடுத்து அவள் கையெழுத்தைக் காட்டினார். அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“இனி எழுதுனா புது மனுதான் அக்கா. அடுத்த வருசம்தான் எடுப்பாங்க. அதுவும் கேண்டீன் நடத்துறவங்கதான் எழுதிக் குடுக்கணும். நீங்க இப்ப…” முடிக்காமல், “டீ குடிக்கிறீங்களா?” என்றார்.

வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

படிப்பை ஒத்திவைப்பதாகக் காமினி எழுதிக்கொடுத்தாள். புக்கிட் தெங்காவிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி வர அவள் ஏறக்கூடிய பஸ் கிடையாது. ஒத்திவைப்பு என்பது தாளில் இருக்கிற சொல். அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா கார்த்திகேசு யாரிடமோ வேன் இரவல் வாங்கி வந்தார். வாசலுக்கு வெளியே ஃபஸீலா பொட்டலத்தோடு காத்திருந்தாள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

காமினி வேனில் உட்கார்ந்தபடியே பொட்டலத்தை மடியில் பிரித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவள் கை போன வேகத்தில் தெரிந்தது. இரண்டு கவளம் உள்ளே போனதும் நிமிர்ந்தாள்.

“அக்கா, ஒன்னு கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க. தெனமும் படி ஏறி எறங்குனது ஒங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?”

ஃபஸீலா அவள் கையைப் பார்த்தாள். கையில் சோறு இருந்தது.

“என்ன கஷ்டம்? ஒரு தட்டு சோறுலா. சாப்புடு.”

காமினி தலையாட்டிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். கார்த்திகேசு வண்டியை எடுத்தார்.