நாலு பேர் பிடித்த சட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும்: இறந்தது நான் இல்லை. சென்ற ஆண்டு ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியிலும் எங்கள் தெருமுனையிலும் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அக்காவின் படத்துக்குக் கீழே என் பெயர் இருந்தது. அச்சகத்துக்காரர் போனில், "பேரு சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். எழுத்துப்பிழை வரக் கூடாதென்று இரண்டாம் முறையும் சொன்னேன். படம் பின்னால் வாட்ஸ்அப்பில் போனது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. இந்த மலரின் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறது. மூன்று பேர் சரிபார்த்தார்கள். அந்த மூவரில் என்னைச் சேர்க்கவில்லை.

நம் குடும்பத்தில் யார் காலமானாலும் மலருக்குக் கட்டுரை எழுதுகிறவன் நான்தான். கொஞ்சம் படித்தவன், வாரப் பத்திரிகைகளில் வேடிக்கையாக நாலு வரி எழுதியவன் என்பதால் வந்து சேர்ந்த வேலை. ஒரு சித்தப்பாவுக்கு எழுதியதையே ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இன்னொரு சித்தப்பாவுக்குக் கொடுத்ததும் உண்டு. இரண்டு வீட்டாரும் அழுதார்கள். அவ்வளவு கை பழகியவனுக்கு இந்த ஒரு கட்டுரையை எழுத ஓர் ஆண்டு பிடித்திருக்கிறது.

அக்கா ஆவடியில், அப்பா வேலை பார்த்த கனரக வண்டித் தொழிற்சாலையின் குடியிருப்பில் பிறந்தார். நான் பிறந்தபோது அவருக்கு வயது பத்து. எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா காலமானார். பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. எனக்குச் சீருடை தைத்தாகவில்லை. அம்மாவின் தையல் மெஷினில் அதுவரை தலையணை உறை மட்டும் தைத்திருந்த அக்கா, என்னை நிற்கவைத்து அளவெடுத்து ஒரு சட்டை தைத்தார். அதில் என்னைப் போல இன்னொருவனும் நுழையலாம். "வளருவல்ல" என்றார்.

அடுத்த ஆண்டே ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஒரு பட்டாளத்துக்கே தைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் தைத்தார். நான் இதுவரை கடையில் சட்டை வாங்கியதில்லை. எனக்குத் திருமணமானபோது என் கழுத்தளவும் தோளளவும் எழுதிய சீட்டை என் மனைவியிடம் முறைப்படி ஒப்படைத்தார். மனைவி அதை முறைப்படி திருப்பிக் கொடுத்துவிட்டார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டை அக்காவிடமிருந்து வரும்.

அத்தானும் அதே தொழிற்சாலைதான், கிடங்குப் பிரிவு. அதிகம் பேசாதவர். ஹோட்டல் மேஜை விரிப்புபோல அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட ஒரு சட்டையை அவர் விடாமல் போடுவார். "அத்தான், உங்கமேல தட்டு வெச்சுச் சாப்பிடலாம்" என்று நான் சொல்வேன், ஒவ்வொரு முறையும். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போலச் சிரிப்பார். அக்காவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அவர் போய்விட்டார். அப்போது அக்கா எங்கள் முன்னால் அழவில்லை. எவ்வளவு தைரியம் என்று பேசிக்கொண்டோம். அதைப் பாராட்டாகச் சொன்னோம் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அதன்பின் காட்டுப்பாக்கத்தில் மகளுடன் இருந்தார். சனிக்கிழமை மதியம் மட்டும் பஸ் பிடித்து ஆவடிக்கு வருவார். "கட்டிங் கிளாஸ்" என்பார். மாலையில் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, என் சட்டைகளில் பட்டன் போனதை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

"இத்தன வருஷம் தெச்சிட்டு இன்னும் என்னக்கா கிளாஸ்?"

"இன்னும் வெட்ட வரலடா தம்பி."

நான் சிரித்தேன். ஐந்து ஆண்டுகள் சிரித்திருக்கிறேன்.

அத்தான் இறந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தது கருநீலச் சட்டை. காலர் அட்டைபோல நின்றது. கழுத்தில் குத்துகிறது என்று குறைப்பட்டேன். "குத்தட்டும். போடப் போடப் படிஞ்சிடும்" என்றார். அக்கா என் புகாரைச் சரிசெய்யாமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் போன் செய்தார். "சனிக்கிழமை வரேன். பட்டன் போன சட்டையெல்லாம் ஒரு பையில போட்டு வையி. ஒவ்வொண்ணா நீட்டாத." சரி என்றேன். பத்து மணிக்கு அதே எண்ணிலிருந்து அவர் மகள் பேசினாள். "மாமா, அம்மா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க." அடம்பிடிக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். நானும், "கொஞ்ச நேரம் தூங்கட்டும், விடு" என்றேன்.

மருத்துவர் இதயம் நின்றுவிட்டது என்றார். தலையாட்டினேன். அக்காவுக்கு இதயம் இருப்பது ஊருக்கே தெரியும், அது நிற்கும் என்பதுதான் புதிய செய்தி.

அடக்கத்துக்கான வேலைகளைப் பிரமாதமாகச் செய்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாற்காலி போட்டேன், டீ சொன்னேன், போதகரோடு பாட்டு எண்களைப் பேசி முடித்தேன். என் பழைய அலுவலக நண்பர் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு மாலையோடு வந்தார். வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மாலையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். "இருக்கேன்" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக ஒன்பது பேர் நின்றார்கள். யாரையும் எனக்குத் தெரியாது. சுவரொட்டியை நம்பி எனக்காக வந்த வாசகர்கள் என்றே நினைத்தேன். ஒன்பது பேர் என்பது எனக்கு அதிகம், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மண் போட்டு முடிந்ததும் அவர்களில் ஒருவர் அருகில் வந்தார். பெயர் கோவிந்தன், திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "சனிக்கெழம மூணு மணி சார். சர்ச்சுக்குப் பின்னால சண்டே ஸ்கூல் ரூமு. வரணும்னு இல்ல. வந்தா குந்தலாம்." அக்காவின் கட்டிங் கிளாஸ் என்றார். நான் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு டீ மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

அக்காவின் சேலைகளை வழக்கப்படி வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாக நினைவுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு அதில் பங்கு இல்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையை மாட்டி, பட்டன் போன சட்டைகளை அதில் போட்டுவந்தேன். பட்டன் போகாத சட்டை ஒன்றையும் போட்டேன், அதில் ஒரு பட்டன் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. பை பிதுங்கியது. ஒரு காலையில் இன்னொரு சட்டையை அதற்குள் அமுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றார்.

"யாரு வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு இதுல போட்டுட்டிருக்கீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. மிக மெதுவாகக் கேட்டார். பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது ஆண்டுகளாக எழுதுகிறவனுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. அக்கா இறந்த செய்தி எனக்கு அன்றுதான் வந்து சேர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை பையோடு போனேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் பார்த்த அதே முகங்கள். எல்லோரும் யாரையாவது இழந்தவர்கள், அந்தச் சர்ச்சின் உறுப்பினர்கள் மூன்று பேர்தான். ஸ்டெல்லா என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அங்குள்ள முறையைச் சொன்னார். அழலாம், அழாமலும் இருக்கலாம். ஆறுதல் மட்டும் சொல்லக் கூடாது. இறந்தவரின் துணியைக் கொண்டுவந்து வெட்டி, வேறு ஏதாவது தைக்க வேண்டும். தைக்க யாரும் உதவலாம், ஆனால் வெட்ட வேண்டியது உரியவர்தான். வெட்டும்போது நாலு பேர் நாலு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். தனியாக வெட்ட விடமாட்டார்கள்.

"இதெல்லாம் உங்க அக்கா கொண்டுவந்த பழக்கம்" என்றார். "மொதல்ல வந்தப்ப நாங்க மூணே பேரு. சும்மா உக்காந்து அழுவோம். இவங்க வீட்டுக்காரர் சட்டையக் கொண்டுவந்து, நீங்க புடிங்க, என்னால ஒத்தையா முடியலன்னாங்க. அத வெட்டவே ஏழு வாரம் ஆச்சு. வெட்டி எடுத்துட்டுப் போனவங்க, என்ன தெச்சாங்கன்னு மட்டும் சொல்லவே இல்ல. கேட்டா, உபயோகத்துல இருக்குன்னு சிரிப்பாங்க."

அக்கா ஏழு வாரம் அழுதார் என்பதை ஓர் அந்நியர் சொல்லிக் கேட்டேன். அந்த ஏழு வாரமும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து ஜோக் சொல்லியிருக்கிறேன்.

மூன்று சனிக்கிழமைகள் பட்டன் தைக்க மட்டும் கற்றேன். ஊசியில் நூல் கோப்பதைப் பற்றியும், என் கண்ணாடியைப் பற்றியும், அந்த நாற்காலியைப் பற்றியும் ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை. கோவிந்தன் மட்டும், "அடி சார், அடி. கையில ஊசி கீது, பாத்து" என்றார். விபத்தில் போன அவருடைய இருபத்திரண்டு வயது மகனின் பனியனைத்தான் அவர் ஓட்டுநர் இருக்கைக்கு முதுகு உறையாகத் தைத்திருக்கிறார். "சாஞ்சிகினு ஓட்டுறேன்" என்றார்.

நாலாவது வாரம், எதை வெட்டப் போகிறீர்கள் என்று ஸ்டெல்லா கேட்டார். அக்காவின் துணி என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன், சேலை பெண்களுக்குப் போய்விட்டது.

"அவங்க துணி இல்லன்னா, அவங்க தெச்சது?"

குனிந்து பார்த்தேன். அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்துச் சொச்சம் வயதுவரை அதை மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்து அந்தக் கருநீலச் சட்டையை எடுத்தேன். பட்டன் இரண்டு போயிருந்தது. ஸ்டெல்லாவும் கோவிந்தனும் இன்னும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அக்கா அங்கே விட்டுப்போயிருந்த கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்கள். காலருக்குக் கீழே நேராக வெட்ட வேண்டும், அதுதான் முறை. நேராகத்தான் ஆரம்பித்தேன். கண் மறைத்தது. கத்தரி கோணலாக ஏறிக் காலருக்குள்ளேயே போய்விட்டது. பாழாக்கிவிட்டேன் என்று நிறுத்தினேன்.

வெட்டிய வாய் பிளந்திருந்தது. உள்ளே, வழக்கமான விறைப்புத் துணிக்குப் பதிலாக, நாலாக மடித்து நெருக்கமாகத் தையல் போட்ட வேறு துணி. அரக்கு நிறம். கட்டம் போட்டது.

அடையாளம் தெரிந்தது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும்தான். அவர், "உபயோகத்துலதான் இருந்திருக்கு" என்றார்.

ஐந்து ஆண்டுகளில் இரண்டு திருமணம், எத்தனையோ கூட்டங்களுக்கு அந்தச் சட்டையைப் போட்டுப் போயிருக்கிறேன். தட்டு வைத்துச் சாப்பிடலாம் என்று நான் கிண்டலடித்த மனிதரை என் கழுத்தைச் சுற்றி வைத்துத் தைத்திருக்கிறார் அக்கா. என் தலை நிமிர்ந்து நின்றது என் சொந்தக் கம்பீரத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல சனிக்கிழமைகளில் அக்கா எதிரில் உட்கார்ந்து அந்தக் காலரைப் பார்த்தபடி காபி குடித்திருக்கிறார். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் அழுதேன். பார்க்க நன்றாக இருந்திருக்காது. நெடுநேரம் ஆயிற்று. துணியைப் பிடித்திருந்த கைகள் வலித்திருக்க வேண்டும்.

"சார், வுட்டுடலாமா?" என்றார் கோவிந்தன்.

"வேணாம்" என்றேன். "புடிச்சிக்குங்க."

பிடித்துக்கொண்டார்கள்.

ஆறிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. காலையில் எட்டரை மணிக்குப் போனைப் பார்ப்பது இன்னும் போகவில்லை. ஆனால் பட்டன் தைக்கத் தெரியும். அட்டையில் அக்காவின் படத்தைச் சுற்றி நீங்கள் பார்க்கும் கருநீலமும் அரக்குக் கட்டமும் அந்தச் சட்டையிலிருந்து நான் தைத்த ஓரத்தின் அச்சு. தையல் கோணல் என்னுடையது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று அக்காவின் மகள் கதவைத் தட்டியவுடன் ஓடிவந்த காட்டுப்பாக்கத்து அண்டை வீட்டாருக்கு, அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கு, என் பெயரில் மாலை கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டுவிட்டுப் போன நண்பருக்கு, தவறான சுவரொட்டியை நான் கேட்காமலேயே சுரண்டி எடுத்த அச்சகத்துக்காரருக்கு, அந்தக் கேள்வியைக் கேட்க மூன்று மாதம் பொறுத்த என் மனைவிக்கு, நாலு முனைகளையும் பிடித்த நால்வருக்கு.

கடைசியாக, அக்காவின் சேலையை எடுத்துப்போன அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதைப் பீரோவின் அடித்தட்டில் நாப்தலின் உருண்டையோடு வைத்திருப்பீர்கள். இருக்கட்டும். என்றைக்காவது எடுத்துப் பார்த்துவிட்டு மடிக்க முடியாமல் போனால், சனிக்கிழமை மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். நாற்காலி சிறியது. கத்தரிக்கோல் அக்காவுடையது, நன்றாக வெட்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.