பாய்லர் ஷாப் பாஷை

செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பெருமாளுடையது. நடுவில் ஒரே சுவர். அவன் அந்தப் பக்கம் பெண்டாட்டியிடம் உப்பு கேட்டால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஜெகநாதன் எடுத்துக் கொடுக்க எழுந்துவிடுவார். அப்படியொரு குரல். சோளிங்கரிலிருந்து மீசை முளைக்கிற வயதில் எடுபிடி வேலைக்குக் கலாசியாக வந்து, ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் கொதிகலன் செய்கிற பாய்லர் ஷாப்பில் ரிவெட் அடிக்கிற வேலைக்கு உயர்ந்தவன். அந்த இரும்புச் சத்தத்தில் அவன் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்று நினைப்பு. மற்றபடி தங்கமான மனுஷன், குடி கிடையாது, சம்பள நாளில் மல்லிகைப்பூ வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டான்.

பாய்லர் ஷாப்பில் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காதாம். அதனால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாக. கட்டை விரலை உதட்டருகே சாய்த்தால் டீ. நெற்றியில் தொப்பி விளிம்பைத் தொடுகிற மாதிரி தொட்டால் ஃபோர்மன் வருகிறார், ஜாக்கிரதை. தமிழன், தெலுங்கன், பட்டாணி முஸ்லிம் எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே பாஷைதான்.

பெருமாளின் ஒரே பெண் ருக்மிணிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தாய் தாயம்மாள் கோயில் கோயிலாக, தர்கா தர்காவாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பெருமாள் அலையவில்லை. பிள்ளையை மடியில் உட்காரவைத்து பாய்லர் ஷாப் பாஷையைச் சொல்லிக் கொடுத்தான். அது போதாமல் போனபோது அப்பனும் பெண்ணுமாகச் சேர்ந்து புதிது புதிதாக உண்டாக்கினார்கள். மழைக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, தாயம்மாளின் கோபத்துக்கு ஒன்று. நான் வாசலில் தலை காட்டினால் போதும், அந்தக் குட்டி நெற்றியைத் தொட்டுக் காட்டும். ஃபோர்மன் வந்தாச்சாம்! எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது காது கேட்காத பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர்தான் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். மெட்ராஸில் இருக்கிறது, ஹாஸ்டலோடு. காது கேட்காத பிள்ளைகளுக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாய் திறந்து பேசவும், எழுதப் படிக்கவும் கற்றுக் கொடுக்கிறார்கள். ஏழு வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ருக்குவுக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் பிறகு இல்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தாய்வீடு பெரம்பூர் என்பதால் நானும் ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். டீச்சரம்மா நல்ல மாதிரி. ருக்குவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பந்தைத் தன் முகத்தருகே வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். ருக்கு அவர் வாயைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பனைப் பார்த்து என்ன என்று கையால் கேட்டது. பெருமாளும் பழக்க தோஷத்தில் பந்தை வாங்கிக்கோ என்று கையால் சொன்னான். ருக்கு சமர்த்தாக வாங்கிக்கொண்டது. டீச்சரம்மா சிரித்தார், ஆனால் பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்.

"கையாலேயே எல்லாம் கிடைச்சுட்டா குழந்தை உதட்டைப் பார்க்காதுங்க. வீட்டிலே கையை ஆட்டாம, முகத்துக்கு நேரா பேசிப் பழகுங்க. முடிவை நோட்டீஸ் போர்டிலே போடுவோம்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. வெளியே வந்த பெருமாளின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கையே பெண்ணின் சீட்டைக் கெடுத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான்.

ஹைதராபாத் திரும்பியதும் காத்திருப்பு தொடங்கியது. தாயம்மாளின் அண்ணன் அய்யாக்கண்ணு பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். வேலை விட்டு வரும்போது அந்த நோட்டீஸ் போர்டைப் பார்ப்பது அவன் பொறுப்பு. பெயர் வந்தால் மெட்ராஸ் வண்டியில் கொடி காட்டுகிற கார்டிடம் சொல்லிவிடுவான். நடுவழியில் பெஜவாடாவில், அதுதான் விஜயவாடாவில், அந்தச் சேதி அடுத்த கார்டிடம் கைமாறி செகந்திராபாத் வந்து சேரும். கல்யாணம், சாவு, பிரசவம் எல்லாமே ரயில்வேக்காரர்களுக்கு அப்படித்தான் வந்து சேரும், தந்தியாபீசை யார் நம்பினார்கள்? காலை வண்டி வரும் நேரத்துக்குப் பெருமாள் மெட்டுகுடா வழியாக ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போய், கார்டு பாலச்சந்திரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே வேலைக்கு ஓடுவான். "இன்னும் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷருக்கே மனசு நொந்துவிட்டது.

வீட்டில் பெருமாள் ஒரு சட்டம் போட்டான். இனி யாரும் கையால் பேசக்கூடாது. தாயம்மாளுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு ருக்குவின் எதிரே உட்காருவான். "சோ... று. சோ... று" என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்வான். பிள்ளை அவன் கையைப் பிடித்து வெளியே இழுக்கும். அவன் கொடுக்கமாட்டான். ஒருநாள் அவன் விரல் ஒவ்வொன்றையும் பிரித்து, இப்படி வை, இப்படிப் பேசு என்று அதுவே வைத்துக் காட்டியது. பெருமாள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அப்பனுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்ததோ என்னவோ, ருக்கு அவனிடம் கையால் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டது. அவன் வேலை விட்டு வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பதையும் நிறுத்தியது. நான் போனபோது நெற்றியைத் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா பெருமாளு, உனக்கு அறிவு இருக்கா? புள்ள ஊமையாவே போயிட்டுதுடா!" என்று அவன் காதருகே போய்க் கத்தினேன்.

"நக்கோ அக்கா, வேணாம், நீ இதுல வராத" என்றான்.

"வருவேன். அது உன்னோட பேசற பேச்சு ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா அது எங்கே போகும்?"

தாயம்மாள் அடுப்படியிலிருந்து, "நல்லா கேளுக்கா, நான் சொன்னா காதுலயே வாங்கமாட்டுறாரு" என்றாள்.

பெருமாள் வழக்கமாகக் கத்துகிறவன், அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. "அக்கா, இந்தப் பாஷை எனக்கும் ஷாப்ல இருக்கிற அம்பது பேருக்கும்தான் தெரியும். கடைக்காரனுக்குத் தெரியுமா, கட்டிக்கப்போறவனுக்குத் தெரியுமா? நாளைக்கு நான் செத்துட்டேன்னா எம்பொண்ணு யார்கிட்ட பேசிக்கினு இருக்கும்? சீட்டு மட்டும் கிடைக்கட்டும்க்கா. அதுவரைக்கும் என்னை வெறுத்தாலும் பரவால்ல."

எனக்கு வாய் அடைத்துப்போனது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது என்பதால் ஸ்டேஷனுக்கு எல்லோருமே போனோம். ருக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, அப்பன் பக்கம் போகவில்லை. வண்டி வந்து நிற்பதற்கு முன்பே கடைசிப் பெட்டியிலிருந்து பாலச்சந்திரன் பச்சைக் கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"பெருமாள், பேர் வந்தாச்சுப்பா! உங்க மச்சான் கண்ணால பார்த்தாராம். அடுத்த மாசம் கொண்டுவந்து விடணுமாம்!"

தாயம்மாள் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? ருக்கு பயந்துபோய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பெருமாள் அதன் எதிரே குந்தி உட்கார்ந்து, கையை அக்குளில் செருகிக்கொண்டு, "பள்... ளிக்... கூடம்" என்றான். அதற்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னான். அது தலையைக் குனிந்துகொண்டது.

"போதும்டா சாமி, கையை வெளியே எடுடா!" என்று நான் கத்தினேன்.

எடுத்தான். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தானோ, கடகடவென்று வந்தது. ரயில். பெரிய வீடு. உன்னை மாதிரி நிறையப் பிள்ளைகள். எழுதலாம், படிக்கலாம். ருக்குவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பன் பேசிவிட்டானே! அது துள்ளித் துள்ளித் திருப்பிக் கேட்டது. ரயிலா? பெரிய வீடா? பிறகு அவன் நெஞ்சைச் சுட்டிக் கேட்டது, நீயும்தானே?

பெருமாள் சுத்தியல் அடிக்கிற மாதிரி கையால் காட்டினான். அப்பாவுக்கு இங்கே வேலை.

பிள்ளை அசையாமல் நின்றது. பெருமாள் அவசரமாக விரலைத் தோளுக்கு மேல் சுழற்றிக் காட்டினான். ஷிப்ட் முடிந்து பிரியும்போது அவர்கள் காட்டிக்கொள்வது அது, நாளைக்குப் பார்க்கலாம் என்று. ஆனால் லீவு விடுவது தீபாவளிக்குத்தான், அதற்கு பாய்லர் ஷாப்பில் வார்த்தை இல்லை. அதனால் நாளைக்கு என்று மறுபடியும் காட்டினான். அப்புறம் இன்னொரு நாளைக்கு. அதற்கும் அப்புறம் இன்னொன்று. முதலில் ருக்கு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. விரல் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. அதன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

சட்டென்று பாய்ந்து அவனுடைய இரண்டு கையையும் தன் இரண்டு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. ஒரு கையை மாற்றிப் பிடித்து, இன்னொரு கையையும் விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியே அவனோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. வீடு வரும்வரை அப்பனும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கை வேண்டுமே.