ஒட்முண்டின் நாற்பத்தொரு வயது இதயம்

ஹௌக்வோல் ஊரில் ஒட்முண்டைத் தெரியாத மனிதர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். தெரியாத மாடு ஒன்றுகூட இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் பால்வண்டி ஓட்டியவன் அவன். வண்டிச் சத்தம் வளைவில் கேட்டதுமே பசுக்களுக்குப் பால் சுரக்கும் என்று சொல்லுவான். தான் ஓய்வுபெற்ற வாரம் அவை சரியாகத் தீனி எடுக்கவில்லை என்றும் சொல்லுவான். இதுவரை எந்த மாடும் மறுத்ததில்லை.

பால்வண்டி அவனுக்குச் சோறு போட்டது. உயிரை மட்டும் அவன் வேறிடத்தில் வைத்திருந்தான்: பாதிரி மேட்டில்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்கு இக்கரை ஊரும் அக்கரை ஊரும் பனிச்சறுக்கில் தொடர் ஓட்டம் நடத்துவார்கள். அணிக்கு நாலு பேர். முதல் மூன்று பேர் ஆற்றோரச் சமதரையில் சறுக்கி வந்து, அடுத்தவர் தோளைத் தொட்டு அனுப்ப வேண்டும். நாலாவது ஆள் பாதிரி மேட்டின் மேல் ஏறி, தேவாலய வாசலில் முடிக்க வேண்டும். அங்கே ஒரு ஒலிபெருக்கி இருக்கும். மேலே வந்து சேருகிறவர் பெயரை அது பள்ளத்தாக்குக்கே சொல்லும். ஒட்முண்டுக்கு மீசை முளைத்த காலத்திலிருந்து இக்கரையின் நாலாவது ஆள் அவன்தான். தன் பெயர் மலையில் மோதித் திரும்பி வருவதை வருடத்துக்கு ஒரு தரம் கேட்டால்தான் அவனுக்குக் குளிர்காலம் முடியும்.

போன வருடம் அவன் ஏறி முடித்தபோது ஒலிபெருக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். வாஃபிள் அப்பம் சுடும் மாவும் தீர்ந்துபோயிருந்தது. அக்கரைக்காரர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும்விட்டார்கள் என்று அவன் நண்பன் ஹல்வார் சொல்லுவான். அதில் பாதிதான் உண்மை. அவர்கள் தூங்கவில்லை.

அதனால் இந்த வருடம் அணியைப் பொறுக்குகிற ரக்னி, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள், இலையுதிர்காலத்திலேயே சொல்லிவிட்டாள்: "கடைசிக் கட்டம் யாருக்குன்னு நான் வாயால சொல்லப்போறதில்ல. சொன்னா வருஷம் பூரா யாராவது ஒருத்தர் எங்கிட்ட முகத்தைத் திருப்பிக்கறீங்க. எல்லாரும் வாட்ச் கட்டிப் பயிற்சி பண்ணுங்க. யாரோட நாடி மேட்டுல அமைதியா இருக்கோ, மேடு அவங்களுக்கு."

கிறிஸ்துமஸுக்கு மகள் சுன்னீவா அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு விளையாட்டு வாட்ச் கொண்டுவந்தாள். கூடவே இரண்டு மார்புப் பட்டைகள். குளிரில் மணிக்கட்டு விறைத்துப்போனால் வாட்சுக்கு நாடி எட்டாது. பட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டால் அது துடிப்பை எண்ணி, பக்கத்தில் இருக்கும் வாட்சுக்கு அனுப்பும். இந்தப் பட்டைக்கு இந்த வாட்ச் என்று ஜோடி சேர்த்துக் கொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போனாள். பட்டைகள் இரண்டும் கறுப்பு. முதல் சனிக்கிழமை ஒட்முண்ட் அவற்றைக் கம்பளித் துணிகளோடு அலசி, அடுப்புக்கு மேலே கையுறைகள் காயும் கம்பியில் தொங்கவிட்டான்.

அன்றிலிருந்து அவன் இளைஞனாகிவிட்டான்.

"குன்வோர், இங்க பாரேன். மேடேறும்போது என் நாடி நூத்தி இருபத்தி நாலு. என் உடம்புக்கு நாப்பத்தோரு வயசுன்னு போட்டிருக்கு."

"அப்ப குறைஞ்சுபோன அந்த இருபது வருஷத்துக்கு வேற பொண்டாட்டி பாத்துக்கோ" என்றாள் குன்வோர், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குன்வோர் தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். மூச்சு விடாமல் மூன்று பத்திப் பாட்டைப் பாடிவிட்டு, நாலாவதை ஏன் வைக்கவில்லை என்று பாதிரியாரிடம் சண்டைக்கும் நிற்பாள். ஒட்முண்ட் அவளை முதலில் சந்தித்ததும் பாதிரி மேட்டில்தான். சந்தித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "வழி!" என்று ஒரு குரல் வந்தது. வேகமாக வருகிறவர் அப்படிக் கத்தினால் முன்னால் போகிறவர் தடத்தை விட்டு ஒதுங்க வேண்டும். ராஜாவாக இருந்தாலும் அதுதான் முறை. ஒதுங்கினான். ஒரு சிவப்புத் தொப்பி அவனைத் தாண்டிப் போனது. அந்தத் தொப்பியை எட்டிப் பிடிக்க அவனுக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு முன்னால் போவது யார் என்ற பேச்சு எழவில்லை. எழாதபடி ஒட்முண்ட் பார்த்துக்கொண்டான். அவன் முன்னால், "காத்தை நான் வாங்கிக்கறேன்" என்று பெருந்தன்மையாக. அவள் பின்னால், காபி ஃபிளாஸ்க்கும் ஆரஞ்சும் பழுப்புச் சீஸ் ரொட்டியும் நிறைந்த முதுகுப் பையோடு. மேட்டில் அவன் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஊதிக்கொண்டு போவான். பின்னால் அவள், பாட்டுக் குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். நின்று யோசிக்கிற மனிதனாக இருந்தால் இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே யோசித்திருப்பான். ஒட்முண்ட் நிற்கவில்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிக்கல் என்னவென்றால், அவன் குன்வோரின் வாட்சையும் பார்த்தான். அவள் அதைக் கட்டுவாளே தவிர, சட்டைக் கைக்குள் இருப்பதை எட்டிப் பார்க்கமாட்டாள். அது அவ்வப்போது நடுங்கும். அதற்கும் குளிருகிறது போல என்று விட்டுவிடுவாள். மாலையில் ஒட்முண்ட் அதன் கணக்கைத் திறந்து பார்த்தான். மேட்டில் அவள் நாடி நூற்று எழுபத்தைந்து. உடம்பின் வயது எழுபத்தாறு.

"குன்வோர், நீ டாக்டரைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"உனக்கு உடம்பு சரியில்ல. உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்."

டாக்டர் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார். மிதித்துக்கொண்டே அவள் அவருக்கு ஒரு கேக் செய்முறை சொல்லி முடித்தாள். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு துருவத்துக்கே நடந்து போகலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஒட்முண்ட் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "பாவம், நல்ல பையன்தான். ஆனா கையில வாட்ச் இல்ல."

பிறகு ஒரு காரியம் செய்தான். அன்பினால்தான் செய்தான், அன்பு இல்லாவிட்டால் இவ்வளவு முட்டாள்தனம் வராது. மூன்றாவது கட்டத்துக்கு இருந்த குன்வோரின் பெயரை எடுத்துவிடும்படி ரக்னியிடம் காதோடு காதாகச் சொன்னான். குன்வோரிடம், தொடர் ஓட்டம் முடியும் வரை பனிப்பக்கமே போகக் கூடாது என்றான். "சரி" என்றாள் அவள். அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் பயப்பட வேண்டும். அதையும் அவன் கவனிக்கவில்லை. வாட்ச் காட்டிய எண்களை வைத்து அவன் பெயரைக் கடைசிக் கட்டத்துக்கு ரக்னி குறித்துவைத்திருந்தாள். அந்த மிதப்பில் இருந்தான்.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை. வாசலில் கொட்டாவி விட்டால் வாயை மூட ஆள் கூப்பிட வேண்டும், அப்படிக் குளிர். ஒட்முண்ட் முதல் முறையாகத் தனியாகப் பாதிரி மேட்டுக்குக் கிளம்பினான். குன்வோர் பின்னல் வட்டத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். மேட்டில் பாதி ஏறியதும் வாட்சைப் பார்த்தான். நாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்.

தட்டினான். கோடுகள். பட்டை காய்ந்திருக்கும் என்று சட்டைக்குள் கையை விட்டு, எச்சில் தொட்டுத் தடவினான். கோடுகள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். கையுறையோடு வைத்ததால் அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. இதயமே இல்லாமல் பாதி மேடு ஏறிவிட்டோமே என்று ஒரு கணம் அவனுக்குப் பயத்தை மீறிப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வழி!"

உடம்பு தானாக ஒதுங்கியது. ஒதுங்கிய அதே நொடியில் வாட்ச் நடுங்கி உயிர் பெற்றது. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு சிவப்புத் தொப்பி தாண்டிப் போயிற்று. போகப் போக எண் தடுமாறி மறுபடி கோடாகிவிட்டது.

"குன்வோர்!"

தொப்பி நின்றது. அவள் பக்கவாட்டாகக் காலெடுத்து வைத்து இறங்கி வந்தாள். அவள் நெருங்க நெருங்க அவன் வாட்ச் மறுபடி துடிக்கத் தொடங்கியது.

"பின்னல் வட்டம்னு சொன்ன?"

"நீ என் இதயம் போச்சுன்னு சொன்ன. அது உண்மையான்னு பாக்கத்தான் பட்டை, வாட்ச் எல்லாம் மாட்டிட்டு வந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பினதுலேருந்து ரெண்டு கோடுதான் காட்டுது. சரி, செத்துட்டோம் போலிருக்கு, செத்த பிறகாவது நல்லா ஏறுவோம்னு ஏறினேன்." சட்டைக் கையை விலக்கிப் பார்த்தாள். "ஐயய்ய, இப்ப நூத்தி எழுபத்திரெண்டு காட்டுது. நான் சும்மாதானே நிக்கறேன்?"

அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் வாட்சை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒட்முண்ட் மூச்சு வாங்குவதை இருவருமே கேட்டார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் கையில் இருந்த எண் இன்னும் ஏறியது.

"குன்வோர்," என்றான் மெதுவாக, "உன் இதயம் எங்கிட்ட இருக்கு."

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா, மனுஷா?" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரக்கிளையிலிருந்து பனி கொட்டியது. கடைசிச் சொட்டுச் சிரிப்பும் முடிந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அந்த எழுபத்தாறு வயசுக் கிழம் யாரு?"

அவன் சறுக்குகளை ஊர்ப்பக்கம் திருப்பினான். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தான். "ரக்னிகிட்ட திங்கக்கிழமை சொல்லிக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டம் முடிஞ்ச பிறகா?"

"ஆமா."

"உன் இஷ்டம்" என்றாள் குன்வோர். அதுவும் சுருக்கமாகத்தான் இருந்தது. இந்த முறை அவனுக்குப் பயம் வந்தது.

இரண்டு இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. ஒலிபெருக்கி காதிலேயே நின்றது. சனிக்கிழமை ஊர் மன்றத்துக் கூடத்தில் மார்பு எண்கள் கொடுக்கும் நாள். வாஃபிள் மணக்க, ஊரே உட்கார்ந்திருந்தது. ரக்னி எழுந்து நின்றாள்.

"நாலாவது கட்டம், ஒட்முண்ட். போன வருஷம் நாம எல்லாரும் இவனைக் கேலி பண்ணோம். இந்த வருஷம் வந்திருக்கிற எண்கள்லயே அமைதியான இதயம் இவனோடதுதான். கைதட்டுங்க."

தட்டினார்கள். ஹல்வார்கூட ஜாம் பிசுக்குக் கையோடு தட்டினான். ஒட்முண்ட் எண்ணை வாங்க எழுந்தான். நடுமேசையில் குன்வோர் வாஃபிளில் புளிப்புப் பாலேட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவன் கோபப்பட்டுக்கொண்டு சமாளித்திருப்பான்.

"அது என்னோடது இல்ல" என்றான்.

"எது?"

"இதயம். குன்வோரோடது. பட்டை மாறிப்போச்சு. அடுப்புக் கம்பியில. என்னோடது... என்னோடதுக்கு எழுபத்தாறு வயசு."

முதலில் ஹல்வார் தொடங்கினான்.

"அதானே பாத்தேன்! மாடுங்கல்லாம் எங்கிட்ட சொல்லிச்சு, இவன் படியேறினாலே மூச்சு வாங்கும்னு."

"டேய், நீ சும்மா இரு. உன் வாட்ச் நீ சோபாவுல இருக்கும்போதே கத்துதாம்" என்று யாரோ சொல்ல, கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஆயிற்று. ரக்னி மேசையைத் தட்டி அடக்கப் பார்த்தாள்; அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. நாலாவது எண்ணைக் கொண்டுபோய்க் குன்வோரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குன்வோரின் பெயரை எடுத்த மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தது. ரக்னி அந்த எண்ணை ஒட்முண்டிடம் நீட்டினாள்.

"சமதரைதான். முடியுமா, கிழவா?"

"குடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சமதரையில் வந்த வேகத்தைப் பார்த்தவர்கள், நடுவழியில் ஒரு கடமான் "வழி!" கேட்டு ஒதுங்கியதாகச் சொல்கிறார்கள். கைமாற்றும் இடத்தில் குன்வோர் அக்கரைக்காரி ஒருத்தியோடு ஏலக்காய் ரொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் வந்து அவள் தோளைத் தொட்டான். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒட்முண்ட் பனியில் குப்புற விழுந்து, அப்படியே கிடந்தான். கிடந்தபடியே கேட்டான். ஒலிபெருக்கி சொன்னது அவன் பெயரை அல்ல. இரண்டாவதாக வந்து சேர்ந்த குன்வோரின் பெயர் மலையில் மோதி, ஆற்றைத் தாண்டிப் போய், அக்கரையிலும் கேட்டுத் திரும்பி வந்தது. அவன் பனியோடு பனியாகக் கையைத் தட்டினான்.

அடுத்த வாரம் குன்வோர் அடுப்புக் கம்பியிலிருந்த பட்டைகளில் ஒன்றில் சிவப்பு நூல் தைத்தாள். "இது உன்னோடது. இனி குழப்பம் இல்ல."

"ம்" என்றான். அன்று கிளம்பும்போது நூல் இல்லாத பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டான். அவள் பார்த்துவிட்டு, சிவப்பு நூல் பட்டையைத் தான் கட்டிக்கொண்டாள். முதுகுப் பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, முன்னால் போய் நின்றாள்.

மேடு தொடங்கியதும் சிவப்புத் தொப்பி தூரமாகும், அவன் வாட்சில் இதயம் கோடாகும். அதை மறுபடி பார்க்க வேண்டுமானால் அவளுக்குப் பத்தடிக்குள் போக வேண்டும். ஃபிளாஸ்க் முதுகில் இடிக்க, துருத்தி மாதிரி ஊதிக்கொண்டு எட்டிப் பிடிப்பான். எண் வரும். அவள் பாட்டுக் குழுச் சண்டையில் அடுத்த கட்டத்துக்குப் போவாள். எண் போகும். மறுபடி ஓடுவான்.

மார்ச் வெயில் ஏறித் தடங்கள் இளகுகிற நாளில் ரக்னி அவனை நிறுத்தி, இவ்வளவு நல்ல பயிற்சி யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள். பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. மேலே கையைக் காட்டிவிட்டு ஓடினான்.